ஆதாரம் என்ற ஒரு சொல்லும் அது மறைத்த சொற்களும்

தமிழ் முஸ்லிம்களின் சமய மேடைகளிலும் ஏடுகளிலும் கடந்த நாற்பது ஆண்டுகளில் மிகுதியாகப் புழங்கிய சொல் எது என்று வினவினால், 'ஆதாரம்' என்றே விடை கூற வேண்டியிருக்கும். 'இதற்கு ஆதாரம் உண்டா?' என்ற கேள்வி பள்ளிவாசல் முற்றத்திலும் திருமண வீட்டிலும் ஜனாஸா வீட்டிலும்கூட எழுகிறது. ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் ஒலித்த அக்கேள்வி இன்று கைப்பேசியிலும் ஒலிக்கிறது. கேள்வி நல்ல கேள்வியே. சுவனம் தங்களுக்கே உரியது என்று சொந்தம் கொண்டாடியவர்களிடம் அதற்கான சான்றைக் கொண்டுவரச் சொல்லுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 111ஆம் வசனம் நபி (ஸல்) அவர்களைப் பணிக்கிறது. எனவே சான்று கேட்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த பண்பு என்பதில் ஐயமில்லை.

குறை கேள்வியில் இல்லை. 'ஆதாரம்' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எத்தனை பொருள்களை அடைத்து வைத்திருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அரபு மொழியில் தலீல், ஹுஜ்ஜத், புர்ஹான், பய்யினா என்று தனித்தனியே நிற்கும் சொற்கள் யாவும் நம் மொழிபெயர்ப்புகளிலும் வாத நூல்களிலும் பெரும்பாலும் 'ஆதாரம்' என்றே வருகின்றன. விளைவு யாது? இரு தரப்பாரும் தாம் ஆதாரம் காட்டிவிட்டதாக மனமார நம்புகின்றனர். எதிர்த் தரப்பார் ஆதாரத்தைக் கண்டும் மறுப்பதாக எண்ணுகின்றனர். ஆதாரத்தைக் கண்டும் மறுப்பவர் பிடிவாதக்காரர், வழிகெட்டவர் என்ற தீர்ப்புக்குப் பின்னர் அதிக தூரம் இல்லை. ஓர் ஊரில் ஜமாஅத் இரண்டாகப் பிரிவதற்கும், உறவினர் ஒருவர் பின்னால் மற்றவர் தொழ மறுப்பதற்கும் கருத்து வேறுபாடு மட்டுமே காரணமன்று. வாதத்தின் உறுப்புகளைப் பெயரிட்டுப் பிரித்தறியும் பயிற்சி இல்லாமையும் ஒரு காரணம். அந்தச் சொற்களை ஒன்றொன்றாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு சொற்கள்

தலீல் என்பதன் மூலப்பொருள் வழிகாட்டி. பாலைவனப் பயணக் கூட்டத்துக்குப் பாதை காட்டுபவரும் தலீலே. திருக்குர்ஆனில் இப்பெயர்ச்சொல் அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 45ஆம் வசனத்தில் மட்டும் வருகிறது. அங்கே சூரியன் நிழலுக்குத் தலீலாக ஆக்கப்பட்டிருப்பது சொல்லப்படுகிறது. உஸூலுல் ஃபிக்ஹ் அறிஞர்கள், எதைச் சரியாக ஆராய்ந்தால் ஒரு முடிவை அடைய முடியுமோ அது தலீல் என்று இலக்கணம் வகுத்தனர். இதில் 'சரியாக ஆராய்ந்தால்' என்ற நிபந்தனை முக்கியமானது. வழிகாட்டி பாதையைக் காட்டுவார். நடக்க வேண்டியவர் நாம். உஸூல் அறிஞருள் ஒரு சாரார் உறுதியான அறிவு தருவதை மட்டுமே தலீல் என்றும், மேலோங்கிய எண்ணத்தை மட்டும் தருவதை அமாரத், அதாவது அறிகுறி என்றும் பிரித்தனர்.

ஹுஜ்ஜத் என்பது எதிராளியின் முன் வைக்கப்படும் வாதம். அது வெல்லவும் கூடும், வீழவும் கூடும். இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் அளித்த வாதத்தை ஹுஜ்ஜத் என்று அல்அன்ஆம் 83ஆம் வசனம் குறிப்பிடுகிறது. இறைவனைப் பற்றி வீண் தர்க்கம் செய்வோரின் வாதத்தையும் அதே சொல்லால் குறித்து, அது அவனிடத்தில் செல்லாதது என்று அஷ்ஷூரா 16ஆம் வசனம் கூறுகிறது. ஆகவே செல்லாத ஹுஜ்ஜத்தும் உண்டு. புர்ஹான் அப்படிப்பட்டதன்று. மன்திக் நூல்களின் வழக்கில், ஐயத்துக்கு இடமில்லாத முற்கூற்றுகளிலிருந்து உறுதியான முடிவைத் தருவது மட்டுமே புர்ஹான்.

பய்யினா நீதிமன்றத்துக்கு உரிய சொல்லாக வளர்ந்தது. உரிமை கோருபவர் பய்யினா கொண்டுவர வேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது இஸ்லாமிய நீதிமுறையின் அடிப்படை. இருவர் சாட்சியமே பய்யினா என்று பலர் கருதியிருக்க, உண்மையைத் துலக்கிக் காட்டும் எதுவும் பய்யினாவே என்று இப்னுல் கைய்யிம் (ரஹ்) தம் 'அத்துருகுல் ஹுக்மிய்யா' நூலில் வாதிட்டார். சொல்லின் எல்லை மாறினால் நீதியின் எல்லையும் மாறுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இந்நான்கையும் 'ஆதாரம்' என்று ஒரேயடியாகச் சொல்லும்போது, ஓர் அறிகுறியைக் காட்டியவர் புர்ஹான் காட்டிய இறுமாப்பை அடைகிறார். எதிராளியோ, தம் முன் வைக்கப்பட்டது ஒரு ஹுஜ்ஜத் மட்டுமே, அதை ஆராயும் உரிமை தமக்கு உண்டு என்பதை எடுத்துச் சொல்லச் சொல்லின்றித் தவிக்கிறார்.

கோருபவர் யார், கேட்பவர் யார்?

வாதத்தில் முதலாவதாக அறிய வேண்டியது தஃவா, அதாவது நிறுவப்பட வேண்டிய கூற்று. இச்சொல்லும் அழைப்பு என்னும் பொருளுடைய தஃவத் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. தமிழில் இரண்டும் 'தாவா' என்றே ஒலிக்கின்றன. நீதிமன்றத் தமிழில் தாவா என்றால் வழக்கு. நம் சமய வழக்கில் தாவா என்றால் அழைப்புப் பணி. ஒலி ஒன்றானதால் பொருளும் ஒன்றாகிவிடாது. அழைப்பவர் அன்போடு அழைக்கலாம். கோருபவரோ நிறுவியாக வேண்டும்.

நம் முன்னோர் இதற்கென்றே 'ஆதாபுல் பஹ்ஸ் வல் முனாளரா' என்ற தனிக்கலையை உருவாக்கினர். ஃபிக்ஹ் அறிஞர்களிடையே வளர்ந்த ஜதல் மரபை எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக்கி, ஷம்ஸுத்தீன் ஸமர்கந்தீ (ரஹ்) கி.பி. 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சிறுநூல் இத்துறையின் அடித்தளமாயிற்று. ஸையித் ஷரீஃப் ஜுர்ஜானீ (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்கும் 'ஷரீஃபிய்யா'வும், அதற்கு ஜவுன்பூர் அறிஞர் அப்துர் ரஷீத் (ரஹ்) 17ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ரஷீதிய்யா' உரையும் இந்திய மதரஸாக்களில் நெடுங்காலம் பாடமாக இருந்தன.

இக்கலை வாதத்தில் இருவருக்கு இரு பாத்திரங்களை வகுக்கிறது. கூற்றை முன்வைத்து நிறுவுபவர் முஅல்லில்; அதை வினவுபவர் ஸாயில். ஸாயிலின் கையில் மூன்று கருவிகள் உள்ளன. முற்கூற்று ஒன்றை ஏற்க மறுத்து அதற்குச் சான்று கேட்பது மன்உ. காட்டப்பட்ட சான்று பழுதுடையது, அதை ஏற்றால் ஏற்கத்தகாத முடிவும் உடன் வரும் என்று காட்டுவது நக்ளு. அந்தச் சான்றைத் தொடாமல், அதற்கு நேரெதிரான முடிவைத் தரும் வேறொரு சான்றை நிறுத்துவது முஆரளா. முஅல்லில் தம் சான்றைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே ஸாயில் எதிர்க்கூற்றை நிறுவத் தொடங்கினால் அதற்கு கஸ்பு, அதாவது பிறர் இடத்தைப் பறித்துக்கொள்ளல் என்று பெயர். மேலும், ஒருவர் செய்தி ஒன்றை எடுத்துரைத்தால் அதன் மூலத்தைச் சரிபார்த்துக் காட்டுமாறும், தாமே ஒரு கூற்றைக் கோரினால் அதற்குத் தலீல் தருமாறும் கேட்க வேண்டும் என்பது இக்கலையின் பொதுவிதி.

இவ்விதி எத்துணை இன்றியமையாதது என்பதை நம்மிடையே நன்கறியப்பட்ட வழக்கு ஒன்றைக் கொண்டு காணலாம். தராவீஹ் இருபது ரக்அத் என்கிறார் ஒருவர். ஆதாரம் என்ன என்கிறார் மற்றவர். இதுவரை இரண்டாமவர் ஸாயில் மட்டுமே. முதலாமவர், உமர் (ரலி) காலத்தில் மக்கள் இருபத்துமூன்று ரக்அத் தொழுததாக யஸீத் இப்னு ரூமான் வழியாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ள செய்தியைக் கூறுகிறார். யஸீத் உமர் (ரலி) அவர்களின் காலத்தவர் அல்லர், தொடர் அறுந்தது என்று இரண்டாமவர் சொன்னால், அது மூலத்தின் மீதான கேள்வி, முறையான கேள்வி. அடுத்து இரண்டாமவர், நபி (ஸல்) அவர்கள் ரமளானிலும் பிற காலங்களிலும் பதினோரு ரக்அத்துக்கு மேல் தொழுததில்லை என்னும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பை புகாரியிலிருந்து எடுத்துக்காட்டுகிறார். இப்போது அவர் முஆரளா செய்கிறார். சான்று காட்டும் பொறுப்பு அவருக்கும் வந்துவிட்டது. முதலாமவர், ரமளானுக்கும் பிற காலங்களுக்கும் பொதுவான இரவுத் தொழுகையையே அந்த அறிவிப்பு பேசுகிறது. தராவீஹின் எண்ணிக்கைக்கு அது வரம்பு கட்டவில்லை என்கிறார்.

இந்த இடத்தில்தான் மேடைகள் தடுமாறுகின்றன. 'ஸஹீஹான ஹதீஸையே மறுக்கிறார்' என்ற முழக்கம் எழுகிறது. உண்மையில் அவர் ஹதீஸை மறுக்கவில்லை. அது தம் எதிராளி சொல்லும் முடிவைச் சுட்டுகிறது என்பதையே மறுக்கிறார். ஒரு நஸ்ஸு நிலைபெற்றதா என்பது ஸுபூத். அது எதைச் சுட்டுகிறது என்பது தலாலத். இரண்டிலும் உறுதியானது உண்டு, எண்ண அளவிலானதும் உண்டு. முதலாமவரின் சான்று ஸுபூத்தில் கேள்விக்குள்ளாகிறது. இரண்டாமவரின் சான்று தலாலத்தில் கேள்விக்குள்ளாகிறது. இருவருமே பதில் சொல்ல வேண்டியவர்கள்; எவரும் ஹதீஸ் மறுப்பாளர் அல்லர். ஸுபூத், தலாலத் என்ற இரு சொற்களை நம் பொதுமக்கள் அறிந்திருந்தால், எத்தனையோ நல்ல மனிதர்கள் மீது சுமத்தப்பட்ட அவப்பெயர் தவிர்க்கப்பட்டிருக்கும்.

காரணம் என்ற மற்றொரு சொல்

'ஆதாரம்' போன்றே 'காரணம்' என்ற சொல்லும் பல பொருள்களை விழுங்கியுள்ளது. கியாஸுக்கு நான்கு தூண்கள்: அஸ்ல், ஃபர்உ, இல்லத், ஹுக்ம். திராட்சை மது தடுக்கப்பட்டது என்பது அஸ்லும் அதன் ஹுக்மும். பெயர் வேறான மற்றொரு பானம் ஃபர்உ. போதையூட்டுதல் என்ற பண்பு இரண்டிலும் இருப்பதால் சட்டம் முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்கிறது, அப்பண்பே இல்லத். இத்தனை கட்டுப்பாடுகள் உள்ள ஒரு முறையை 'யூகம்' என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிட்டு, மார்க்கத்தில் யூகத்துக்கு இடமில்லை என்று தள்ளுவது வாதமாகாது. கியாஸை ஏற்காத ளாஹிரீ அறிஞர்கள் அதை அலசி ஆராய்ந்து மறுத்தார்கள். பெயரை மாற்றி மறுக்கவில்லை.

இல்லத்துக்கும் ஹிக்மத்துக்கும் உள்ள வேறுபாடு இன்னும் நுட்பமானது. பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்கு இல்லத் பயணம்; துன்பத்தைக் குறைத்தல் அதன் ஹிக்மத். இரண்டையும் 'காரணம்' என்று சொல்லிவிட்டால், 'குளிரூட்டப்பட்ட வண்டியில் துன்பம் ஏது? ஆகவே கஸ்ரு இல்லை' என்ற வாதம் அறிவார்ந்ததாகவே தோன்றும். துன்பம் ஆளுக்கு ஆள் மாறுவது, அளவிட முடியாதது. பயணம் அளவிடத்தக்கது. ஆதலால்தான் சட்டம் பயணத்தோடு பிணைக்கப்பட்டது என்று அறிஞர் விளக்கினர். சொந்த ஊரில் நாள் முழுதும் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்குத் துன்பம் மிகுதி; எனினும் அவருக்குக் கஸ்ரு இல்லை. இந்த ஓர் எடுத்துக்காட்டே மேற்படி வாதத்துக்குப் போதுமான நக்ளு.

இவை கிரேக்கச் சரக்கா?

ஸஹாபாக்கள் இச்சொற்களைக் கற்றார்களா, இவை கிரேக்கரிடமிருந்து வந்தவை அல்லவா என்று கேட்பவர் உண்டு. கேள்வி புதிதன்று. மன்திக்கைக் கற்பதை இப்னுஸ் ஸலாஹ், நவவீ (ரஹ்மா) தடுத்ததையும், வேறு சிலர் வரவேற்றதையும், குர்ஆன் ஸுன்னாவில் தேர்ந்த நல்லறிவுடையோருக்கு ஆகும் என்பதே பெயர்பெற்ற கருத்தாக இருப்பதையும் அக்ளரீ (ரஹ்) ஹிஜ்ரி 941இல் இயற்றிய 'ஸுல்லம்' பதிவுசெய்கிறது. இப்னு தைமிய்யா (ரஹ்) மன்திக்வாதிகளை மறுத்துத் தனிநூலே எழுதினார். அம்மறுப்பும், எதிராளியின் கூற்றைப் பகுத்து முற்கூற்றுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முறையிலேயே அமைந்துள்ளது. வாதத்தை மறுப்பதற்கும் வாதமே தேவைப்படுகிறது.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இக்கேள்விக்கு அளித்த விடை தனிச்சிறப்புடையது. பாதினிய்யாவைச் சேர்ந்த ஒருவரோடு உரையாடும் பாங்கில் அமைந்த 'அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்' என்ற நூலில், அவர் கிரேக்கச் சொற்களை ஒதுக்கிவிட்டு 'மீஸான்', அதாவது தராசு என்ற குர்ஆனின் சொல்லை எடுத்துக்கொள்கிறார். ஐந்து தராசுகளைக் குர்ஆன் வசனங்களிலிருந்தே வெளிக்கொணர்கிறார். வானமும் பூமியும் பல தெய்வங்களின் ஆளுகையில் இருந்திருந்தால் சீர்குலைந்திருக்கும் என்னும் அல்அன்பியா 22ஆம் வசனத்தில் ஒன்று. இப்ராஹீம் (அலை) மன்னனோடு செய்த வாதத்தில் மற்றொன்று: சூரியனை உதிக்கச் செய்ய வல்லவனே இறைவன், என் இறைவன் அதற்கு வல்லவன், ஆகவே அவனே இறைவன். முதற்கூற்று எதிராளியும் ஏற்பது, இரண்டாவது கண்ணால் காண்பது என்று கஸ்ஸாலீ விளக்குகிறார்.

கஸ்ஸாலீ பெயரை மாற்றினார், பிரிவினையை மாற்றவில்லை. ஐந்து தராசுகளை ஒன்றாக்கிவிடவில்லை. நாம் செய்ததோ இதற்கு நேர்மாறு. சொற்களைத் தமிழாக்குகிறோம் என்று தொடங்கி, அவை சுட்டிய வேறுபாடுகளை இழந்துவிட்டோம். இதற்குத் தமிழைக் குறைகூற இயலாது. மணிமேகலையின் 29ஆம் காதை அனுமான உறுப்புகளையும், அவை ஒவ்வொன்றிலும் நேரும் போலிகளையும் நுணுகி வகைப்படுத்துகிறது. ஏது, எடுத்துக்காட்டு, அளவை, போலி என்ற சொற்கள் தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றன. அம்மரபில் 'மேற்கோள்' என்றால் நிறுவப்பட வேண்டிய கூற்று. இன்று அச்சொல் பிறர் கூற்றை எடுத்தாள்வதைக் குறிக்கிறது. நம் வாத நூல்களின் நிலையும் இதுவே: எடுத்தாண்டுவிட்டால் நிறுவியதாகிவிட்டது என்று எண்ணுகிறோம்.

போலி வாதங்கள்

முகாலதா என்ற பிழைவாதத்துக்குப் 'போலி' என்ற பழந்தமிழ்ச் சொல் மிகப் பொருந்தும். இதில் நம்மிடையே மலிந்தது, ஒரு சொல்லை இரு பொருளில் ஆளும் போலி. 'இது பித்அத், பித்அத் அனைத்தும் வழிகேடு, ஆகவே இது வழிகேடு' என்ற வாதத்தில், முதற்கூற்றில் பித்அத் 'புதியது' என்ற அகராதிப் பொருளிலும், இரண்டாவதில் ஷரீஅத்தின் கலைச்சொல்லாகவும் வந்தால், நடுப்பதம் ஒன்றாக இல்லை, முடிவு பிறக்காது. தராவீஹை ஓர் இமாமின் கீழ் ஒன்றுசேர்த்ததை உமர் (ரலி) பித்அத் என்ற சொல்லாலேயே பாராட்டியது இந்த இருபொருளுக்கு வெளிப்படையான சான்று. குறிப்பிட்ட ஒரு செயல் கலைச்சொல்லின் பொருளிலேயே பித்அத் என்று ஒருவர் தனியே நிறுவினால், அப்போது அவர் வாதம் நிற்கும்.

மறுதரப்பிலும் போலிகளுக்குக் குறைவில்லை. 'ஊரே செய்கிறது, முன்னோர் செய்தார்கள்' என்பது மஷ்ஹூராத் என்ற வகைக் கூற்று, அதாவது பலரும் அறிந்து ஒப்புவது. அது ஜதலுக்குப் பயன்படலாம், புர்ஹானாகாது. ஒரு வட்டாரத்து வழக்கத்தை இஜ்மாஉ என்று அழைப்பதும் சொல்லைப் பெருக்கி வாதத்தைச் சுருக்குவதே.

ஆயினும் எல்லா இடத்திலும் புர்ஹானையே கேட்பதும் பிழை. அந்நஹ்ல் 125ஆம் வசனம் ஹிக்மத், நல்லுபதேசம், அழகிய முறையிலான விவாதம் என்று மூன்று வழிகளைக் கூறுவதை இப்னு ருஷ்து தம் 'ஃபஸ்லுல் மகால்' நூலில் புர்ஹான், கிதாபத், ஜதல் ஆகிய மூன்றோடு பொருத்திக் காட்டினார். மக்கள் ஒப்புதல் அடையும் வழிகள் பல. ஜும்ஆ மேடையில் உள்ளத்தை உருக்கும் உவமை கிதாபத்துக்கு உரியது. அங்கே அது அழகு. அதே உவமையை ஃபத்வாவில் சான்றாக நிறுத்தினால் அது பிழை.

வாதத்தின் நோக்கம்

'ரஷீதிய்யா' போன்ற நூல்கள் மூன்று சொற்களைப் பிரிக்கின்றன. உண்மை வெளிப்பட வேண்டும் என்பதற்காக இருவர் ஆராய்வது முனாளரா. எதிராளியை வாயடைக்கச் செய்வதற்காக வாதிடுவது முஜாதலா. இரண்டும் இன்றித் தன் பெருமைக்காகச் சொல்லாடுவது முகாபரா. நம் பொதுமேடைகள் 'முனாளரா' என்று அழைப்பிதழ் அச்சிடுகின்றன; பெரும்பாலும் நடப்பது மற்ற இரண்டும். அரபியில் திரும்பச் சொல்லுதலைக் குறிக்கும் தக்ரார் என்ற சொல் பாரசீகம், உருது வழியாக வந்து தமிழில் 'தகராறு' ஆயிற்று. புதிய சான்று எதையும் சேர்க்காமல் சொன்னதையே உரக்கச் சொன்னால் தகராறுதான் மிஞ்சும் என்பதை அச்சொல்லின் பயணமே உணர்த்துகிறது.

இஹ்யாவின் கல்வி பற்றிய பகுதியில் கஸ்ஸாலீ (ரஹ்) முனாளராவுக்கு நிபந்தனைகள் வகுக்கிறார். காணாமற்போன பொருளைத் தேடுபவர், அது தம் கையில் கிடைத்தாலும் பிறர் கையில் கிடைத்தாலும் மகிழ்வதைப்போல் வாதிடுபவர் இருக்க வேண்டும். கூட்டத்தில் வாதிடுவதைவிடத் தனிமையில் வாதிடுவதையே விரும்ப வேண்டும். எதிராளி ஒரு சான்றை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதைத் தடுக்கக் கூடாது. இப்ராஹீம் (அலை) அவர்களே உயிர்ப்பித்தல், மரிக்கச் செய்தல் பற்றிய வாதத்திலிருந்து சூரியன் பற்றிய வாதத்துக்குச் சென்றார்கள் அல்லவா? 'ஆதாரத்தை மாற்றிவிட்டார், தோற்றுவிட்டார்' என்று கைதட்டும் கூட்டம் இதைச் சிந்திக்க வேண்டும்.

நம் அரபிக் கல்லூரிகளில் 'ஈஸாகோஜீ'யும் உஸூல் நூல்களும் கற்பிக்கப்படுகின்றன. மாணவர் அவற்றை அரபியிலோ உருதுவிலோ மனனம் செய்து தேர்கின்றனர். தமிழில் மக்கள் முன் பேசும்போது அச்சொற்கள் அவர்களுடன் வருவதில்லை. 'ஆதாரம்' என்ற ஒரு சொல்லே துணை வருகிறது. தஃவாவைக் 'கூற்று' என்றும், தலீலைச் 'சான்று' என்றும், புர்ஹானை 'உறுதிச்சான்று' என்றும், இல்லத்தைச் 'சட்ட ஏது' என்றும், ஹிக்மத்தைச் 'சட்டப் பயன்' என்றும், முகாலதாவைப் 'போலி' என்றும் வழங்கலாம். இவற்றினும் நல்ல சொற்களை வேறு அறிஞர் தரக்கூடும். அரபுச் சொற்களையே பயன்படுத்தினாலும் குற்றமில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற ஒழுங்கு மட்டும் வேண்டும்.

இனி ஒருவர் நம்மிடம் 'இதற்கு ஆதாரம் உண்டா?' என்று கேட்டால், சினம் கொள்ளாமல் நாம் சில வினாக்களைத் திருப்பிக் கேட்கலாம். தாங்கள் கேட்கிறீர்களா, அல்லது கோருகிறீர்களா? செய்தியின் மூலத்தைக் கேட்கிறீர்களா, அது சுட்டும் பொருளைக் கேட்கிறீர்களா? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பிறகும் கருத்து வேறுபாடு எஞ்சலாம்; நான்கு இமாம்களிடையேயும் எஞ்சியது. ஆனால் எதில் வேறுபடுகிறோம் என்பது அப்போது தெரியும். அது தெரிந்தவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் தொழுவார்கள்.